குரங்குப் பீயில் போன ஏழு வருடம்

2020 பொங்கலுக்கு மயிலாடுதுறை போய்விட்டு ஜனவரி 20, திங்கட்கிழமை காலை லேப் கதவைத் திறந்தேன். முதலில் வந்தது நாற்றம். எலி ஏதாவது செத்துக் கிடக்கும் என்றுதான் நினைத்தேன். மூலையில் இருந்த ஃப்ரீசரின் பச்சை விளக்கு எரியவில்லை, அதன் காலடியில் பழுப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. விடுமுறையில் வெள்ளையடிக்க வந்தவர்கள் ஃப்ரீசர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் தங்கள் விளக்கைச் செருகியிருக்கிறார்கள், போகும்போது திரும்ப மாட்ட மறந்துவிட்டார்கள். ஐந்து நாள். உள்ளே 302 பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் சிங்கவால் குரங்கின் பீ. வால்பாறை மழையில் பதினாறு மாதம் அலைந்து பொறுக்கியது. அழுகை வரவில்லை. தரையைத் துடைத்தேன், டப்பாக்களை எண்ணினேன், அம்மாவுக்கு போன் போட்டு "பத்திரமா வந்து சேர்ந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

காட்டு விலங்குகளின் இனப்பெருக்கத்தை ஆராயும் வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் இப்போது என்னிடம் அடிக்கடி கேள்வி கேட்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்க ஆள் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். (ஒரு விளக்கம்: மாட்டுக்குச் சாணம், யானைக்கு லத்தி, ஆட்டுக்குப் புழுக்கை, பறவைக்கு எச்சம் என்று தமிழில் பிரித்து வைத்திருக்கிறோம். குரங்குக்கு மட்டும் தனியாக ஒன்றும் இல்லை. மலம் என்றால் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது, அதனால் பீ என்றே எழுதுகிறேன்.)

முதலில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் உண்டு. பெண் முதல் குட்டி போடவே ஆறு வயதைத் தாண்டிவிடும், ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் சராசரியாக இரண்டரை வருடம். வால்பாறைப் பக்கம் அதன் காடு தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு துண்டில் குட்டிகள் குறைந்தால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: பெண்களுக்குச் சினைச் சுழற்சியே சரியாக வரவில்லை, சினையாகியும் கலைந்துவிடுகிறது, அல்லது பிறந்த குட்டிகள் சாகின்றன. எட்டி நின்று குட்டிகளை மட்டும் எண்ணினால் இதில் எது என்று தெரியாது. பிடித்து ரத்தம் எடுக்கவும் முடியாது, எடுக்கவும் கூடாது. ஆனால் உடம்பில் ஓடும் புரொஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் போன்ற இனப்பெருக்க ஹார்மோன்கள் எல்லாம் உருமாறிப் பீயில் வந்துவிடும். ஒரே பெண்ணுடைய பீயை வாரம் இரண்டு முறை மாதக்கணக்கில் எடுத்து அளந்தால் அவள் உள்ளே நடப்பது கிராஃபில் ஒரு கோடாகத் தெரியும். எம்.எஸ்சி.யில் அந்த மாதிரிக் கோடு ஒன்றைப் பார்த்துத்தான் மயங்கினேன். அத்தை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "குரங்குப் பீ பொறுக்கவாடி இவ்வளவு படிச்சே?" ஆமாம் அத்தை, அதற்குத்தான்.

2017 ஆகஸ்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகையோடு பிஎச்.டி. பதிவு செய்தேன். அக்டோபரில் வனத்துறை அனுமதிக்கு விண்ணப்பம். எதையும் பிடிக்கப் போவதில்லை, ஊசி போடப் போவதில்லை, கீழே விழுவதைப் பொறுக்கப் போகிறேன், இதற்கு என்ன பெரிய அனுமதி என்று நினைத்தது என் முதல் முட்டாள்தனம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு, அது இருப்பதோ புலிகள் காப்பகம். பீயானாலும் அனுமதி வேண்டும்தான், வேண்டும் என்பது நியாயமும்கூட. கடிதம் கைக்கு வந்தது 2018 ஆகஸ்டில். பத்து மாதம். அதில் இரண்டு முறை கோப்பு திரும்பி வந்தது, ஒரு முறை வரைபடம் இணைக்கவில்லை என்று, இன்னொரு முறை உதவியாளர் பெயர் குறிப்பிடவில்லை என்று. இரண்டும் என் தவறு. ஃபெல்லோஷிப் கடிகாரம் பதிவு செய்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும், காட்டுக்குள் கால் வைக்கும் நாள்வரை அது காத்திருக்காது. இன்றைக்கு யாராவது கேட்டால் நான் சொல்வது, பதிவு செய்வதற்கு முன்பே கைடு பெயரில் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், எந்தெந்த வனச் சரகம், யார் யார் உள்ளே வருவார்கள், சாம்பிளை எங்கே வைப்பீர்கள், எல்லாவற்றையும் முதல் தடவையே எழுதிவிடுங்கள். அப்புறம் வெளிநாட்டு லேபுக்கு அனுப்பி அளந்துகொள்ளலாம் என்று திட்டமே போடாதீர்கள். அதற்குப் பல்லுயிர்ச் சட்டம், அருகிவரும் உயிரினங்கள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் என்று தனித்தனி வாசல்கள், ஒவ்வொரு வாசலிலும் ஒரு வரிசை.

காடு பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அட்டை கடிக்கும், மூக்குப்பொடியைக் காலுறையில் தடவிக்கொண்டால் கொஞ்சம் அடங்கும். ஜூனில் தொடங்கும் மழை செப்டம்பர் வரை விடாது. என்னோடு வந்தவர் காடர் சமூகத்துப் பெரியவர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் பாப்பா. காலை ஆறு மணிக்குக் கூட்டத்தைப் பிடித்தால் சாயங்காலம் அவை மரத்தில் அடங்கும்வரை பின்னாலேயே நடை. எந்தப் பெண் என்று நிச்சயமாகத் தெரிந்து, அவள் போட்டதைக் கண்ணால் பார்த்து, மூத்திரம் கலக்காத இடமாகப் பார்த்து எடுத்தால்தான் அது சாம்பிள். வெடிப்பலா பழுக்கிற காலத்தில் அவை முப்பது அடி உயரத்தில் இருந்து போடும், பாதி இலையில் தங்கிவிடும், மீதி புதரில் சிதறிவிடும். ஒரு நாள் முழுக்க நடந்து ஒரே ஒரு டப்பாவோடு திரும்பியதும் உண்டு. சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் சொல்லிவிடுகிறேன்: டப்பாவில் பேனாவால் எழுதாதீர்கள். எத்தனால் ஒரு சொட்டு பட்டால் மை ஓடிவிடும். காகிதத்தில் பென்சிலால் எழுதி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. முதல் மாதம் எடுத்ததில் பதினொரு டப்பா யாருடையது என்றே தெரியாமல் தூக்கிப் போட்டேன். கையுறை, முகக்கவசம் இல்லாமல் எடுக்காதீர்கள், நமக்குக் குரங்கிலிருந்து வருவதும் உண்டு, குரங்குக்கு நம்மிடமிருந்து போவதும் உண்டு. செத்த குரங்கைப் பார்த்தால் ஆர்வத்தில் கிட்டே போகாமல் சரகருக்குச் சொல்லுங்கள். உண்ணி வழியாகப் பரவும் குரங்குக் காய்ச்சல் 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்ததை வைத்துத்தான் முதலில் தெரிய வந்தது.

பணம். இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. 2019 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். தொகை மாதம் 25,000-இலிருந்து 31,000 ஆனது, காகிதத்தில். எனக்கு அந்த வருடம் ஏழு மாதம் ஒரு பைசாகூட வரவில்லை, பிறகு மொத்தமாக வந்தது. அண்ணனுக்கு நாளுக்கு 450 ரூபாய் பேசியிருந்தேன், மாதம் இருபத்தைந்து நாள். "வந்ததும் குடு பாப்பா" என்றுதான் அவர் சொன்னார். அவர் வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் காசில் என்று எனக்குத் தெரியும். செயினை வங்கியில் வைத்து ஏழு மாதமும் கொடுத்தேன், கிட்டத்தட்ட 79,000. அதை வீரம் என்று சொல்ல மாட்டேன். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் இன்னொருவரை வேலைக்கு அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போனது பொறுப்பில்லாத காரியம், மீட்க முடிந்த செயின் கையில் இருந்தது அதிர்ஷ்டம். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த ஏழு மாதத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

அடுத்தது கிட். ஹார்மோனை அளக்கக் கிணறு கிணறாகப் பள்ளமிட்ட ஒரு தட்டு வரும், 96 பள்ளம். ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டு தடவை வைக்க வேண்டும், அளவுகோலுக்கு என்று, அதாவது ஹார்மோன் அளவு முன்பே தெரிந்த கரைசல்களுக்கு, சில பள்ளங்கள் போய்விடும், ஆக ஒரு தட்டில் நாற்பது சாம்பிள் என்று கணக்கு வையுங்கள். 2019 ஜூனில் மனித ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் அளக்கும் இறக்குமதி கிட் இரண்டு வாங்கினேன், 46,000 ரூபாய், அதில் 20,000 என் கையிலிருந்து. விற்றவர் "எல்லா பாலூட்டிக்கும் ஒண்ணுதான் மேடம்" என்றார். ஹார்மோன் ஒன்றுதான், பொய்யில்லை. ஆனால் கல்லீரலிலும் குடலிலும் அது என்னவாக மாறி வெளியே வருகிறது என்பது ஒவ்வொரு விலங்குக்கும் வேறு. அந்தக் கிட்டில் ஹார்மோனைப் பிடிக்க வைத்திருந்த புரதம், அதாவது ஆன்டிபாடி, அசல் புரொஜெஸ்டிரோனை மட்டும்தான் பிடிக்கும். பீயில் இருந்தது அதன் பேரப்பிள்ளைகள். சினையான பெண்ணும் சினையில்லாத பெண்ணும் வயதான கிழவியும் ஒரே மட்டத்தில் கோடு போட்டார்கள். மூன்று வாரம் நான் பிரித்தெடுத்த விதத்தில்தான் தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் செய்தேன், தட்டு இரண்டும் தீர்ந்தது.

இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை என்று பிறகு படிக்கும்போது தெரிந்து கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. யானையில் இதே குழப்பம் பெரிய ஆட்களையே சுற்ற வைத்திருக்கிறது. யானையின் சினைப்பையில் முக்கியமாகச் சுரப்பது புரொஜெஸ்டிரோனே அல்ல, அதன் நெருங்கிய உறவான வேறு சேர்மங்கள். புரொஜெஸ்டிரோனை மட்டும் தேடியவர்களுக்கு அளவு மிகக் குறைவாக வந்து, இவ்வளவு குறைந்த ஹார்மோனில் இருபத்திரண்டு மாதம் எப்படிச் சுமக்கிறது என்று விழித்தார்கள். போதாததற்கு யானைக்கு முட்டை வெளிவரத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் ஒரே சுழற்சியில் மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை எகிறும், இரண்டாவதில்தான் முட்டை வரும். மாட்டை வைத்து யானையைப் புரிந்துகொள்ள முடியாது, மனுஷியை வைத்துக் குரங்கையும் முடியாது. எனவே கிட் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி விலை அல்ல, அதன் ஆன்டிபாடி வேறு எந்தெந்தச் சேர்மங்களை எத்தனை சதவீதம் பிடிக்கும் என்பது. அந்தப் பட்டியல் கிட்டோடு வரும் தாளிலேயே இருக்கும், நான் படிக்கவில்லை. பத்து சாம்பிளைக் கலந்து நீர்க்க வைத்து அளந்து, அந்தக் கோடு அளவுகோல் கோட்டுக்கு இணையாகப் போகிறதா என்று பாருங்கள். சினையாக இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பெண்ணின் சாம்பிள் உயிரியல் பூங்காவில் கிடைத்தால் அதில் சோதியுங்கள், அதற்கும் தனியாகக் கடிதம் போட வேண்டும், அதையும் முதல் வருடமே போடுங்கள். இதே வேலையைச் செய்கிற லேபில் போய் ஒரு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொள்வது 46,000 ரூபாய் கிட்டை விட மலிவு. இந்த ஆலோசனை எனக்குக் கிடைத்தது 2019 நவம்பரில், வேறொரு ஊர் ஆய்வகத்து மூத்த அக்கா ஒருவரிடமிருந்து, போனில், இருபது நிமிடத்தில்.

அந்த அக்கா சொன்னபடிதான் டிசம்பரில் 128 சாம்பிளை உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் குலுக்கி எடுத்து, ஆவியாக்கிச் சின்னக் குப்பிகளில் காய வைத்தேன். உலர்ந்த சாறு மேசை டிராயரில்கூடப் பல மாதம் கெடாமல் இருக்கும். பொங்கலுக்குப் பிறகு எனக்கு மிஞ்சியது அந்த டிராயர்தான். 302 டப்பாவைப் பற்றிக் கைடு முதலில் சொன்னது "திரும்ப உறைய வச்சிடு, ஓட்டிப் பார்ப்போம்." உருகிய பீயில் பாக்டீரியா திரும்ப வேலையைத் தொடங்கிவிடும், ஐந்து நாளில் ஹார்மோன் ஏறியும் இருக்கலாம், இறங்கியும் இருக்கலாம். எண் வரும், அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. கிட்டில் ஓட்டி அளந்து பார்க்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் கோபம் யார் மேல் என்று நெடுநாள் தெரியவில்லை. வெள்ளையடிக்க வந்தவருக்கு அது ஐஸ்கிரீம் பெட்டி. ப்ளக்கின் மேல் "பிடுங்காதீர்கள்" என்று தமிழில் ஒரு தாள் ஒட்டாதது நான். இங்கிலீஷில் ஒட்டியிருந்தேன், அதுவும் ஃப்ரீசர் கதவில்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள் என்று சொன்னால் தெரிந்ததுதானே என்பீர்கள், எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்திருப்பது போதாது, மாதம் ஒரு நாள் குறித்து அன்றைக்கு அந்த மாதச் சாம்பிளைப் பிரித்தெடுத்து உலர்த்திவிட வேண்டும், சாறில் பாதி வேறு கட்டடத்துக்குப் போக வேண்டும், அந்த இடத்தின் பெயரும் அனுமதிக் கடிதத்தில் இருக்க வேண்டும். மொத்தமாகச் செய்தால் வேலை மிச்சம் என்ற சோம்பல்தான் என்னைக் கவிழ்த்தது.

இரண்டு மாதத்தில் ஊரடங்கு வந்தது. காடு மூடியது, திறந்த பிறகும் குரங்குகளுக்கு நம்மிடமிருந்து தொற்றிவிடக் கூடாது என்று ஆராய்ச்சிக்கு உள்ளே விடவில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது, சரியான முடிவு. அனுமதியைப் புதுப்பித்து நான் திரும்பப் போனது 2021 செப்டம்பர். 2022 ஏப்ரல் வரை எட்டு மாதம். ஆகஸ்டில் ஐந்து வருட ஃபெல்லோஷிப் முடிந்தது. அதன் பிறகு ஆய்வேட்டைக் கொடுத்த 2024 மார்ச் வரை பத்தொன்பது மாதம் தம்பி சம்பளத்தில் சாப்பிட்டேன், சாயங்காலம் நீட் டியூஷன் எடுத்தேன். தம்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இந்தத் துறை வேறு மாதிரித் தெரியும். சுடான் என்ற கடைசி ஆண் வட வெள்ளைக் காண்டாமிருகம் 2018 மார்ச்சில் கென்யாவில் செத்தது, மிஞ்சிய இரண்டு பெண்களில் ஒன்றான ஃபாத்துவின் முட்டையையும் உறைய வைத்த விந்தையும் சேர்த்துக் கரு உண்டாக்குகிறார்கள். 2024 அக்டோபரில் ராஜஸ்தானில் செயற்கைக் கருவூட்டலில், அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில் என்ற பறவையின் குஞ்சு ஒன்று பிறந்தது. ஹைதராபாத்தில் லாகோன்ஸ் என்ற ஆய்வகம் இதற்கென்றே இருக்கிறது, புள்ளிமானிலும் வெளிமானிலும் செய்து காட்டியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை, எனக்கும் படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் அந்த ஒரு குஞ்சுக்குப் பின்னால் பறவை எப்போது தயாராகும், விந்து எத்தனை நிமிடம் தாங்கும் என்று வருடக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இருப்பார்கள், வேலை என்பது பெரும்பாலும் அந்த எண்ணிக்கைதான். பிறகு இன்னொன்று, சினைப்படுத்தத் தெரிந்துவிட்டால் விலங்கு பிழைத்துவிடும் என்பது கிடையாது, விடுவதற்குக் காடு வேண்டும். வால்பாறையில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றுப் பாலங்கள் என் ஆய்வேட்டை விட அதிகம் குரங்குகளைக் காப்பாற்றும் என்று வைவா என்ற வாய்மொழித் தேர்விலேயே சொன்னேன், தேர்வாளர் சிரித்தார். நிரந்தர வேலைகள் மிகக் குறைவு. நான் இப்போது இருப்பது ஒரு வளர்ப்புத் திட்டத்தில், வருடாவருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில். ஹார்மோன் அளக்கத் தெரிந்தால் கால்நடை மருத்துவத்திலும் நோய் கண்டறியும் லேப்களிலும் இடம் கிடைக்கும், காட்டில் நடக்க மட்டும் தெரிந்தால் கிடைக்காது. ஆகவே கையில் லேப் தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள், அது சோறு போடும்.

காதுவெட்டியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. இடது காது கிழிந்த பெண், அண்ணன் வைத்த பெயர். 2019 ஜூலையில் ஒரு நாள் அவர் "காதுவெட்டி மாசமா இருக்கா" என்றார். எனக்கு வயிற்றில் ஒன்றும் தெரியவில்லை. செப்டம்பர் போனது, டிசம்பர் போனது, குட்டி இல்லை. கலைந்ததா, இல்லை சினையே இல்லையா? நான் தொடங்கிய கேள்வியே அதுதான், விடை அவளுடைய 27 டப்பாவில் இருந்தது, இருபத்தேழும் ஃப்ரீசரில் இருந்தன.

2021-இல் திரும்பப் போனபோது அவள் இருந்தாள். நவம்பரில் அண்ணன் மறுபடி சொன்னார், மாசமா இருக்கா என்று. 2022 மார்ச் கடைசியில் குட்டி. சிங்கவாலுக்குச் சினைக்காலம் சுமார் 170 நாள். சரியான ஆன்டிபாடியில் சாறை அளந்தபோது 2021 அக்டோபர் முதல் வாரத்தில் கோடு எழும்பி, பிரசவம்வரை இறங்கவே இல்லை. ஐந்து வருடத்தில் நான் பார்த்த முதல் ஒழுங்கான கோடு. அடுத்த முறை வால்பாறை போனபோது அண்ணனுக்குப் போனில் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நான் சொன்னதுதானே?" என்றார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, அவள் கிளையில் உட்காரும் விதம் மாறிவிட்டது என்றார். அப்போ 2019-இல், என்று இழுத்தேன்.

"அப்பவும் இருந்தா பாப்பா. நான்தான் சொன்னேன்ல."

ஆய்வேட்டின் அட்டவணையில் அந்த இடத்தில் 'தரவு இல்லை' என்று இருக்கிறது.